பாட்டுக்கு நடுவே வந்த வாய்ஸ்

எங்கள் பக்கத்து ஜீப்புகளில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் வண்டி இதோ புறப்படப் போகிறது என்று அர்த்தம். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கலாம், சிலிண்டர் தூக்கப் போயிருக்கலாம், யாரிடமாவது வாய்ச் சண்டையில் நிற்கலாம். பாட்டு நிற்காதவரை ஏறியவர்கள் இறங்க மாட்டார்கள். பாட்டை நிறுத்திவிட்டுப் போனால்தான் அடுத்த வண்டியைப் பார்ப்பார்கள்.

சின்னக்கானலிலிருந்து சூரியநெல்லிக்கு நான் வழக்கமாக ஏறும் ஜீப்பை ஓட்டுகிறவன் என் மனைவியின் சித்தப்பா மகன், எனக்கு மச்சினன். சாலையில் பாதி நேரம் அவனுக்கு டவர் கிடைக்காது என்பதால் பாட்டெல்லாம் ஒரு பென் டிரைவில் இருக்கும். அந்தப் பென் டிரைவை நிரப்பிக் கொடுத்தவள் என் மகள்.

அவள் ப்ளஸ் டூ படிக்கிறாள். நான் வேலை பார்க்கும் விடுதியில் கழித்துக் கட்டிய ஒரு லேப்டாப்பை வாங்கிக் கொடுத்திருந்தேன். கோயில் பூசை நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்கு வந்து, "அக்கா போன்ல எம்புட்டு அம்மன் பாட்டுக் கெடக்கு! எல்லாத்தையும் இதுல ஏத்திக் குடு பாப்பா" என்று பென் டிரைவை அவள் மடியில் போட்டான். என் மனைவி எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். அவள் போனுக்குப் போடியிலிருந்தும் தேனியிலிருந்தும் உறவுக்காரர்கள் பாட்டு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இப்போது யாரும் பாட்டை வாங்குவதில்லை, ஒருவர் அனுப்ப இன்னொருவர் அனுப்ப அது தானாக வந்து சேர்கிறது.

அன்று மகள் சலித்துக்கொண்டாள். வந்த பாட்டுகள் நாலு விதமான ஃபைல்களாக இருந்தன. ஜீப்பில் இருந்த பழைய பெட்டிக்கு எம்பி த்ரீ ஒன்றுதான் தெரியும், மற்றதைக் கண்டால் இல்லாததுபோல் தாண்டிப் போய்விடும். ஆகவே எல்லாவற்றையும் மொத்தமாக எம்பி த்ரீயாக மாற்றும் ஒரு சாஃப்ட்வேரை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

"அப்படி அந்த எம்பி த்ரீல என்னதான் இருக்கு?" என்று கேட்டேன்.

"என்ன இருக்குன்னு கேக்காதீங்க, என்ன இல்லன்னு கேளுங்க" என்றாள். "பாட்டை அப்படியே வச்சா எடம் கொள்ளாதுப்பா. அதனால காது கவனிக்காததை எல்லாம் எடுத்துப் போட்டுரும். உறுமி மேளம் போட்டுச் சாத்துற நேரத்துல பக்கத்துல ஒரு சலங்கை லேசா கிலுங்குனா நமக்குக் கேக்காதுல்ல? கேக்காததுக்கு எதுக்கு எடம்?"

"கேக்காதுன்னு யாரு முடிவு பண்ணுனது?"

"மனுசங்க காதை வச்சு டெஸ்ட் பண்ணித்தான் செஞ்சிருக்காங்க. உங்க காதை வச்சுப் பண்ணல. உங்களுக்குத்தான் நான் இருமாத இருமலும் கேக்குமே."

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்தது கேட்டது. மகள் சொன்னதில் தப்பில்லை. ஒரே பிள்ளை. பிறந்தபோதே ஒரு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு என் காது ஓய்ந்ததில்லை.

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பேச்சுதான் எழுத்து. பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். மச்சினனைப் போன்றவர்களுக்கு எதுவும் சரளமில்லை. எழுதிப் போட்டால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. ஆகவே எல்லாம் வாய்ஸ். ரேஷன் வந்தது, கரண்ட் போனது, எந்த வளைவில் யானை நிற்கிறது, எல்லாவற்றையும் போனைப் பிடித்துக்கொண்டு பேசி குரூப்பில் போட்டுவிடுவார்கள். யானையை யாரும் யானை என்று சொல்வதில்லை. "அவரு நிக்காரு" என்பார்கள், எல்லோருக்கும் புரியும்.

அந்தக் குரூப்பில் நான் இல்லை. முன்பு இருந்தேன். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் நான் மகளுக்கு போன் போட்டு வகுப்பில் அவள் மானம் போனதால், அவளே என் போனை வாங்கி என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் பள்ளிக் கலோத்ஸவம், அதாவது கலைவிழா. அந்த வருடம் பள்ளிவாசல் பக்கத்து ஸ்கூல் ஒன்றில் நடந்தது. மகள் தமிழ்க் கவிதை ஒப்பிக்கும் போட்டியில் இருந்தாள். டீச்சரும் இன்னும் சில பிள்ளைகளுமாகக் காலையிலேயே ஒரு ஜீப்பில் கிளம்பிப் போனார்கள். மத்தியானம் அவளிடமிருந்து, "இன்னும் எங்க நம்பர் வரலப்பா, பசிக்குது" என்று ஒரு வாய்ஸ் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து சின்னக்கானலில் மச்சினனின் ஜீப்பில் ஏறினேன். மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. அவன் சாவியை வண்டியிலேயே விட்டு, பாட்டை ஓடவிட்டு, மாவு மூட்டை தூக்க ரேஷன் கடைக்குப் போயிருந்தான். உள்ளே எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அக்காவும் அவளுடைய மருமகளும் இருந்தார்கள். மருமகள் மாசமாக இருந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்கள்.

"பாப்பா வந்துட்டாளா சார்?" என்றாள் அக்கா. விடுதியில் வேலை பார்ப்பதால் லயத்தில் எனக்கு சார் என்று பெயர்.

"இல்லக்கா. வந்துக்கிட்டு இருப்பா."

"பிரைஸ் கெடைக்கும் பாரு. எப்பப் பாத்தாலும் எங்க வீட்டுச் சன்னலுக்கு நேரா நின்னு கத்திக்கிட்டே இருந்தா. எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

ஒரு அம்மன் பாட்டு முடிந்தது. எப்போதும்போல் ஒரு சின்ன இடைவெளி. பிறகு ஸ்பீக்கரிலிருந்து மூச்சு வாங்க ஓர் ஆண் குரல் வந்தது.

"ஏ, எல்லாரும் கேளுங்க... ஸ்கூல் புள்ளைக ஏறிவந்த ஜீப்பு வளைவுல சரிஞ்சு கெடக்கு. புள்ளைக உள்ள இருக்குதுக. அவரு ரோட்டுல நிக்காரு, யாரும் கிட்டப் போக முடியல. மேல வண்டி ஏத்தாதீக... ஏத்தாதீக..."

அதோடு அறுந்தது. உடனே உறுமியோடு அடுத்த அம்மன் பாட்டு தொடங்கிவிட்டது.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஜீப்பில் ஸ்பீக்கரில் வாய்ஸ் கேட்பது புதிதல்ல. மச்சினன் தன் போனை ப்ளூடூத்தில் அந்தப் பெட்டியோடு சேர்த்திருப்பான். ஓட்டும்போது குரூப்பில் வாய்ஸ் வந்தால் விரலால் ஒரு தட்டுத் தட்டுவான், ஜீப் முழுக்கக் கேட்கும். எத்தனையோ தடவை அப்படிக் கேட்டு வண்டியை ஓரங்கட்டி நின்றிருக்கிறோம். அதனால் அன்றும் இப்போதுதான் வந்த வாய்ஸ் என்றே எடுத்துக்கொண்டோம். போனும் போன்காரனும் ரேஷன் கடையில் இருக்கும்போது தட்டியது யார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "மாரியாத்தா" என்றாள்.

நான் மகளின் நம்பரைப் போட்டேன். பரிதிக்குப் புறத்து என்று மலையாளத்தில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள், தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். அதே பெண், அதே பொறுமை. டீச்சரின் நம்பரும் அப்படியே. மனைவிக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை முடிந்து வந்து குளிக்கும் நேரம்.

கீழே இறங்கினேன். எதற்கு இறங்கினேன் என்று தெரியவில்லை. ரேஷன் கடைப் பக்கம் ஓடினேன். பாதி வழியில், அந்தக் குரலை இன்னொரு முறை கேட்டால் எந்த வளைவு என்று பிடிபடுமே என்று தோன்றித் திரும்பி ஓடி வந்தேன். வளைவு மட்டுமல்ல. அந்த ஆளுக்குப் பின்னால் பிள்ளைகள் அழுகிறார்களா, கத்துகிறார்களா, அல்லது ஒன்றுமே இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டவரை அவன் குரலுக்குப் பின்னால் ஒரு கரகரப்புதான் இருந்தது. காது கவனிக்காததை எடுத்துப் போட்டுரும் என்று மகள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எடுத்துப் போட்டதில்தான் என் பிள்ளை இருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த கணத்தை இன்றுவரை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

முன் சீட்டில் சாய்ந்து பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். பின்னால் போக வேண்டிய பொத்தானுக்குப் பதில் முன்னால் போகிற பொத்தான். அம்மன் பாட்டு அறுந்து, ஒரு இடைவெளி வந்து, ஸ்பீக்கர் பேசியது.

"ஏ... பாப்பா குடை எடுத்துட்டுப் போனாளா? இங்க மேகம் கூடி நிக்குது. கேட்டுச் சொல்லு."

ஒரு கணம் அது யாரென்று எனக்குத் தெரியவில்லை. நம் குரல் வெளியே இருந்து வரும்போது நமக்கு அந்நியமாகத்தான் இருக்கிறது. அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"சார், இது நீங்கல்ல?"

பெட்டி அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டது.

"நான் போட்டதக் கேட்டியா இல்லையா? நீலக் கலர் டிக்கு வரல. மழை விழுந்துருச்சு. அவ தலை நனைஞ்சா சளி புடிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

அடுத்து, கொஞ்சம் இறங்கிய தொனியில் மறுபடி நானே: "சரி, விடு. குடை இங்க ரிசப்ஷன்ல இருக்கு. நாந்தான் தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன்."

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வயிறு குலுங்க, "அத்தே, முடியல அத்தே" என்று சீட்டில் சாய்ந்தாள். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள், அல்லது அழுதுகொண்டே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் என் மூளை ஏதோ ஒரு நூலைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குடை இப்போது இல்லை. போன மழைக்காலத்திலேயே பஸ்ஸில் தொலைத்துவிட்டேன். ஆக இந்தக் குரல் பழையது. இது என் மனைவியின் போனுக்கு மட்டும் நான் அனுப்பியது. அது இங்கே இருந்தால் இதற்கு முன்னால் வந்ததும் அந்தப் போனில் கிடந்ததாகத்தான் இருக்கும். அதுவும் பழையதாக இருக்கும்.

இருக்கும். இருக்கலாம். இருந்தாலும் மகளின் போன் இன்னும் எல்லைக்கு வெளியேதான் இருந்தது.

மச்சினன் மூட்டையைப் பின்னால் போட்டுவிட்டு வந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன் என்று பிறகு அக்கா சொன்னாள், எனக்கு நினைவில்லை. நடந்ததைக் கேட்டதும் அவன் முகமும் ஒரு கணம் வெளுத்தது, பிறகு தெளிந்தது.

"அட மச்சான், அது போன மழையில வந்த வாய்ஸு. நீங்க பயப்படுவீகன்னு எங்கக்கா உங்ககிட்டச் சொல்லல. நானே அன்னிக்கு அங்கிட்டுப் போயிப் புள்ளைகளைத் தூக்குனேன். ஓடைக்குள்ள ஒரு சக்கரம் எறங்கிருச்சு, அம்புட்டுதான். ஒருத்திக்கு முட்டியில சிராய்ப்பு. அவரு கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, இது நமக்குச் சரிப்படாதுன்னு காட்டுக்குள்ள போயிட்டாரு."

"இப்ப எதுவும் வந்திருக்கா? குரூப்பைப் பாரு."

அவன் தன் போனை என் கையில் கொடுத்தான். குரூப்பில் கடைசியாக வந்திருந்தது யாரோ ஒருவர் கோழிக்குஞ்சு விற்கிறேன் என்று போட்ட வாய்ஸ். அதை நான் முழுவதும் கேட்டேன். குஞ்சுகளின் நிறத்தைப் பற்றிக்கூட அவர் சொன்னார். வாழ்நாளில் எந்தச் செய்தியையும் அவ்வளவு நன்றியோடு நான் கேட்டதில்லை.

வண்டி புறப்பட்டது. பாட்டு வேண்டாம் என்றேன். "மச்சான் வாய்ஸாச்சும் போடவா?" என்றான். அக்கா, "போடு போடு, இன்னும் எத்தன இருக்குன்னு பாப்போம்" என்றாள். என் போனைக் கையிலேயே பிடித்து, டவர் ஒரு கோடாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சாலை தேயிலைக்கு மேலாக வெளியே நீளும் ஒரு வளைவில்தான் எங்களுக்கு மறுபடி டவர் கிடைக்கும். அங்கே போன் அதிர்ந்தது. மகளின் வாய்ஸ். ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி இறங்கியது, வினாடிகள்தான், எனக்கு அது நீண்டுகொண்டே போனது. காதோடு வைத்து அழுத்தினேன்.

"அப்பா, போன் போகமாட்டேங்குது, அதான் இதைப் போடுறேன். எப்பப் போகுமோ போகட்டும். தேவிகுளத்துல நிக்கிறோம். டீச்சருக்கு வளைவுல தலை சுத்திருச்சு, சோடா குடிக்கிறாங்க. பயப்படாதீங்க. எனக்கு ரெண்டாவது பிரைஸ். ஜட்ஜுக்குத் தமிழ் வராதுன்னு நினைக்கிறேன்."

பின்னால் யாரோ ஒரு பெண் பிள்ளை சிரித்தது. அல்லது சிரித்ததுபோல ஏதோ. மற்றதெல்லாம் கரகரப்பு. எடுத்துப் போட்டது போக மிஞ்சியது அவள் குரல். எனக்கு அது போதுமாயிருந்தது.

"என்ன சார்?" என்றாள் அக்கா.

"ரெண்டாவது பிரைஸ்" என்றேன். அதற்குப் பிறகு சூரியநெல்லி வரும்வரை கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். அவர்களும் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

மகள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் கையில் ஒரு சின்னப் பரிசுக் கோப்பை இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, யாரோ செத்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள். சொல்ல ஏதேதோ இருந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"குடை எடுத்துட்டுப் போனியா?"

உள்ளே என் மனைவி, அதற்குள் அக்கா வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தவள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் அப்போதுதான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, கொஞ்சம் பயமாகவே இருந்தது.

சாப்பிட்ட பிறகு மகள் பென் டிரைவை வாங்கி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அம்மாவின் போனில் வந்த பாட்டுகள் ஒரு ஃபோல்டரிலும் வாய்ஸ்கள் பக்கத்து ஃபோல்டரிலும் இருந்திருக்கின்றன. அவள் இரண்டும் அடங்கிய பெரிய ஃபோல்டரையே இழுத்துப் போட்டிருக்கிறாள். அப்படியே போட்டிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. வாய்ஸ் வேறு வகை ஃபைல், பேச்சுக்கென்றே இன்னும் இறுக்கிச் சுருக்கியது, ஜீப்பின் பெட்டிக்கு அது புரியாது, தாண்டிப் போயிருக்கும். அவள்தான் எல்லாவற்றையும் எம்பி த்ரீயாக மாற்றி அதற்குப் புரியும்படி செய்துவிட்டாள்.

"அம்மன் பாட்டும் நீங்களும் இப்ப ஒரே சாதிப்பா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சாரிப்பா."

"அது போன மழைக்காலத்து வாய்ஸுன்னு அதுக்குள்ளேயே எங்கயாவது தெரியாதா?"

"போன்ல இருக்கும்போது பக்கத்துல நேரம் இருக்கும். இப்படி மாத்தி எடுத்துட்டா வெறும் சத்தம்தான். எத்தன தடவ போட்டாலும் இப்பதான் நடந்த மாதிரி பேசும்."

வாய்ஸ் போட்ட அந்த மனிதர் போன மழையில் மூச்சு வாங்கியது பென் டிரைவுக்குள் இன்னும் வாங்கிக்கொண்டேயிருந்தது. அந்தப் பிள்ளைகள் முட்டிச் சிராய்ப்பெல்லாம் ஆறி அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். அங்கே மட்டும் ஜீப் சரிந்தபடியே கிடந்தது.

அந்த ஒன்றை அவள் என் எதிரிலேயே அழித்தாள். நான் அழிக்கச் சொன்ன மற்றவற்றை, அதாவது என் குடை விவகாரத்தை, மச்சினன் அழிக்க விடவில்லை. "பாசஞ்சர்லாம் கேக்குறாக மச்சான்" என்று பென் டிரைவைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். சின்னக்கானலுக்கும் சூரியநெல்லிக்கும் நடுவில் ஒரு அம்மன் பாட்டு முடிந்ததும் நான் இன்றும் அவ்வப்போது குடையைத் தேடுகிறேன். தெரியாதவர்கள் யாருடைய குரல் என்று கேட்டால் ஜீப்பே என்னைக் காட்டுகிறது.

பரவாயில்லை. எனக்குக் கஷ்டம் அந்தக் குரலில் இல்லை, அதற்கு முன்னால் வருகிற இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை, அழித்துவிட்டது தெரிந்தும், என் கை முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. மச்சினன் கண்ணாடியில் அதைக் கவனித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் நான் ஏறினால் பாட்டு முடிவதற்கு முன்பே அடுத்ததைத் தட்டிவிடுகிறான்.

மகளே என்னை மறுபடி குரூப்பில் சேர்த்துவிட்டாள். அங்கே நான் வைத்த ஒரே கோரிக்கை, எச்சரிக்கை சொல்கிறவர்கள் முதலில் கிழமையையும் காலையா சாயங்காலமா என்பதையும் சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்பது. முதலில் ரேடியோ ஸ்டேஷன் என்று கிண்டல் செய்தார்கள். கோழிக்குஞ்சுக்காரர், "இன்று செவ்வாய், காலை, குஞ்சுகள் நலம்" என்று போட்டார். ஆனால் அடுத்து யானை வந்தபோது அந்தப் பக்கத்து வாட்ச்மேன், "செவ்வாக்கெழம சாயங்காலம், அவரு நிக்காரு" என்றுதான் தொடங்கினார். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது.

மகளும் அப்படித்தான் அனுப்புகிறாள், கிண்டலுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். நேற்று விடுதியில் ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது வந்தது. அவர்களை ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டுக் காதில் வைத்தேன்.

"அப்பா, இன்னைக்கு வியாழக்கிழமை, சாயங்காலம். நான் உயிரோட இருக்கேன். பஸ் ஏறிட்டேன். குடை இருக்கு."